தண்ணீருக்குத் தப்பிய ஓக் வீடு!

குட்டீஸ், ஒரு வீட்டைப் பிரித்து, லாரியில் ஏற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோய், பழையபடியே நிறுத்த முடியுமா? கட்டில், பீரோவைச் சொல்லவில்லை. சுவர், மாடி, கூரை எல்லாம் சேர்ந்த முழு வீட்டைத்தான் சொல்கிறேன்.

முடியும்! இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டை இப்படித்தான் காப்பாற்றினார்கள். அந்த வீட்டின் பெயர் 'பேலீஃப்'. பிரியாணியில் போடுகிறோமே பிரிஞ்சி இலை, அதற்கு இங்கிலீஷில் இதே பெயர்தான். வீட்டுக்கு வயது சுமார் 600. வாங்க, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால், அதற்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது கென்ட் மாவட்டம். அங்கே சிடிங்ஸ்டோன் என்ற ஊர்ப் பக்கத்தில், ஒரு பள்ளத்தாக்கில் நின்றுகொண்டிருந்தது பேலீஃப். 1960-களில் அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டி, 'பவ் பீச்' என்ற பெரிய நீர்த்தேக்கம் அமைக்க முடிவானது. ஊர்களுக்குக் குடிநீர் வேண்டுமே! தண்ணீர் நிரம்பினால் வயல், வேலி, வீடு எல்லாம் போய்விடும். பேலீஃபும் அகற்றப்பட வேண்டிய வீடுகளின் பட்டியலில் இருந்தது.

கிட்டத்தட்ட அதே சமயம், ராய் ஆம்ஸ்ட்ராங் என்ற வரலாற்று ஆசிரியர் ஒரு கவலையோடு அலைந்துகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, சசெக்ஸ் பகுதியில் க்ராலி என்ற புதிய நகரத்தை உருவாக்கினார்கள். அப்போது பல நூறு ஆண்டு பழைமையான மர வீடுகள் இடிபட்டு மறைந்ததை அவர் பார்த்தார். அரண்மனை என்றால் அரசாங்கம் காக்கும். தேவாலயம் என்றால் ஊரே காக்கும். விவசாயியின் வீட்டை யார் காப்பது?

அவரும் நண்பர்களும் சேர்ந்து 1967-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நின்ற இடத்தில் காப்பாற்றவே முடியாத வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, ஒரே இடத்தில் திரும்ப நிறுத்துவது என்று திட்டம். சசெக்ஸில் சிச்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் உள்ள சிங்கிள்டன் என்ற கிராமத்தில் இடம் கிடைத்தது. அதுதான் 'வீல்ட் அண்ட் டவுன்லேண்ட்' திறந்தவெளி அருங்காட்சியகம். 1970-ல் மக்களுக்காகத் திறந்தார்கள்.

அணை கட்டிய தண்ணீர் கம்பெனி பேலீஃபை இவர்களுக்கே கொடுத்துவிட்டது! அதே பள்ளத்தாக்கில் இருந்த வின்கர்ஸ்ட் என்ற இன்னொரு சின்னக் கட்டடத்தையும் கொடுத்தது. 1968-69-ல் பேலீஃபைப் பிரித்தார்கள். நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் தள்ளி, சிங்கிள்டனில் 1972-ல் அது மறுபடி நிமிர்ந்து நின்றது.

செங்கல் வீட்டை இப்படிப் பிரிக்க முடியுமா? ரொம்பக் கஷ்டம். பேலீஃபைப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், 600 ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டிய தச்சர்கள்தான். அவர்கள் அந்த வீட்டைக் கட்டவில்லை, 'கோத்தார்கள்' என்று சொல்ல வேண்டும்!

ஆணி இல்லாத எலும்புக்கூடு

பேலீஃப் ஒரு மரச்சட்ட வீடு. நம் உடம்புக்கு எலும்புக்கூடு மாதிரி, இந்த வீட்டுக்கு ஓக் மரத்தால் ஆன கூடு. தூண், உத்தரம், கைமரம், சாய்வுக் கட்டை எல்லாம் சேர்ந்து கூரையின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. சுவர் எதையும் தாங்குவதில்லை. இடைவெளியை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை.

மரத்தை வெட்டிப் பல வருடம் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நினைப்போம். அந்தக் காலத் தச்சர்கள் அப்படிச் செய்யவில்லை. ஓக் மரம் பச்சையாக இருக்கும்போதே செதுக்கினார்கள். ஏன் தெரியுமா? ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி இறுகிவிடும். கோடாரியும் உளியும் பல்லை இளிக்கும்! பச்சை மரமோ சொன்னபடி கேட்கும்.

ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரிச் செதுக்குவார்கள். இன்னொரு மரத்தில் அந்த நாக்கு சரியாக நுழையும்படி துளை வெட்டுவார்கள். நாக்கைத் துளைக்குள் செருகி, இரண்டையும் சேர்த்து ஊடுருவும்படி ஓக் மர ஆணி ஒன்றை அடிப்பார்கள். இரும்பு ஆணி வேண்டியதே இல்லை.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. நாக்கில் இருக்கும் ஓட்டையும், வெளி மரத்தில் இருக்கும் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்காது. வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போட்டிருப்பார்கள். மர ஆணியின் முனை கூராக இருக்கும். அது உள்ளே போகப் போக, தள்ளி இருக்கும் ஓட்டையைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு மரமும் 'கப்'பென்று ஒட்டிக்கொள்ளும். பசை கிடையாது, திருகாணி கிடையாது. எனக்கு இந்த வீட்டிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பச்சை மரம் காயும்போது சுருங்கும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் இங்கிலாந்தின் பழைய வீடுகள் படத்தில் கோணல்மாணலாகத் தெரிகின்றன. விழப் போகின்றன என்று பயப்பட வேண்டாம். பல வீடுகளில் கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே அந்தக் கோணல் வந்துவிட்டது. பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கின்றன.

ஒரு வீட்டுக்கு எத்தனை மரம் தேவைப்படும்? ஆலிவர் ராக்கம் என்ற மர ஆராய்ச்சியாளர் சஃபோக் மாவட்டத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். சுமார் 330 மரங்கள்! பெரும்பாலும் ஒல்லி மரங்கள்தான். 'ஐயோ, காட்டையே அழித்துவிட்டார்களே' என்று தோன்றுகிறதா? அவர்கள் காட்டை வயல் மாதிரிப் பராமரித்தார்கள். ஹேசல் போன்ற சிறு மரங்களை அடியோடு வெட்டினால், கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில ஆண்டுகளில் திரும்பவும் வெட்டலாம். ஓக் மரங்கள் நடுநடுவே வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே காடு பல தலைமுறைகளுக்கு மரம் கொடுத்தது.

தச்சர் போட்ட நம்பர்

ஒரு புதிய சைக்கிள் பெட்டியில் வருகிறது. உள்ளே பாகங்கள் தனித்தனியாக இருக்கும். 'ஏ-வை பி-யோடு சேர்க்கவும்' என்று ஒரு தாள் இருக்கும், இல்லையா? பேலீஃப் வீடும் இப்படித்தான் கட்டப்பட்டது.

தச்சர்கள் தங்கள் பட்டறை முற்றத்திலேயே ஒவ்வொரு பக்கச் சட்டத்தையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வளைவு. அதனால் இந்த நாக்கு இந்தத் துளைக்கு மட்டும்தான் பொருந்தும். பக்கத்துத் துளைக்குப் பொருந்தாது. சரிபார்த்த பிறகு எல்லாவற்றையும் கழற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டு போவார்கள். அங்கே மரங்கள் கலந்துவிட்டால் கதை கந்தல்!

அதற்காகத்தான் ஒவ்வோர் இணைப்பிலும் உளியால் ரோமன் எண்களைக் கீறி வைத்தார்கள். சேர வேண்டிய இரண்டு மரத்திலும் ஒரே எண் இருக்கும். ரோமன் எண்ணில் எல்லாம் நேர்க்கோடுகள்தானே, உளியால் வெட்டுவது சுலபம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கிற மாதிரி நாலை எழுதமாட்டார்கள். நாலு கோடு போட்டுவிடுவார்கள். ஏனென்றால் மரம் தலைகீழாகக் கிடந்தால் நாலும் ஆறும் குழம்பிவிடும் அல்லவா! கணக்கு வாத்தியார் பார்த்தால் தப்பு போடுவார். வீடு தப்பாமல் நிற்க அதுதான் சரி.

இப்போது புரிகிறதா? பேலீஃபை 1968-ல் பிரித்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை. முன்பு சேர்த்ததை மெல்லக் கழற்றினார்கள். மர ஆணிகளைத் தட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டையும் அளந்து, வரைந்து, எண் போட்டு எடுத்து வந்தார்கள். மட்கிப்போன இடங்களை மட்டும் வெட்டி, புது ஓக் மரத்தை ஒட்டுப் போட்டார்கள்.

சுவரை மட்டும் எடுத்து வரவில்லை. அது மண் சுவர். ஓக் குச்சிகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஹேசல் குச்சிகளைக் கூடை முடைவது போல முடைந்து தட்டி செய்வார்கள். களிமண், வைக்கோல், மாட்டுச் சாணம் மூன்றையும் காலால் மிதித்துப் பிசைந்து, தட்டியின் இரண்டு பக்கமும் அப்புவார்கள். மூக்கைப் பொத்தாதீர்கள்! காய்ந்த பிறகு வாடையே இருக்காது. வைக்கோல் சுவரில் வெடிப்பு விழாமல் பிடித்துக்கொள்ளும். சாணம் கலவையை வழவழப்பாக்கி நன்றாக ஒட்டவைக்கும். மேலே கனமான களிமண் ஓடுகள். ஒவ்வோர் ஓட்டிலும் ஓட்டை போட்டு, ஒரு சின்ன மரக் குச்சியைச் செருகி, கூரைச் சட்டத்தில் மாட்டிவிடுவார்கள்.

நடுவில் உள்வாங்கிய முகம்

இனி வீட்டு வாசலில் நின்று பார்க்கலாம். ஒரு பென்சிலும் தாளும் இருந்தால் நான் சொல்லச் சொல்ல வரையுங்கள்.

நீளமான ஒரு வீடு. இடது கோடியிலும் வலது கோடியிலும் மாடி இருக்கிறது. அந்த மாடிகள் கீழ்த்தளத்தைவிட முன்னால் துருத்திக்கொண்டு வருகின்றன, மேல் உதட்டைப் பிதுக்கியது மாதிரி. நடுப்பகுதியில் மாடியே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை ஒரே உயரமான கூடம். மாடி இல்லாததால் அங்கே எதுவும் துருத்தவில்லை. ஆக, நடுச்சுவர் மட்டும் பின்னால் உள்வாங்கித் தெரியும்.

ஆனால் கூரையோ ஒரே நேர்க்கோடு! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கூரை மூன்று பகுதிகளையும் மூடுகிறது. அப்படியானால் நடுப்பகுதியில் கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி அந்தரத்தில் நிற்குமே? அதைத் தாங்க ஒரு நீண்ட உத்தரம் குறுக்கே போகிறது. அதற்கு முட்டுக் கொடுக்க, இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்த ஓக் கட்டைகள் கை நீட்டுகின்றன. இயற்கையாகவே வளைந்த மரமாகத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

இந்த அமைப்புக்கு 'வீல்டன் வீடு' என்று பெயர். கென்ட், சசெக்ஸ் இரண்டு மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கிறது வீல்ட் என்ற பகுதி. அந்தப் பெயருக்கே 'காடு' என்றுதான் பொருள். மரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே ஓரளவு வசதியான விவசாயிகளும் நிறைய இருந்தார்கள். பிரபுக்கள் இல்லை, பரம ஏழைகளும் இல்லை. அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள்தான் இவை.

மாடியை ஏன் முன்னால் துருத்த வைத்தார்கள்? கீழ்ச்சுவரில் மழைநீர் வடியாமல் இருக்க என்கிறார்கள் சிலர். தரைப் பலகை குதிக்காமல் இருக்க என்கிறார்கள் வேறு சிலர். 'என் வீட்டைப் பார்' என்று பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் காட்டத்தான் என்பதே பலருடைய முடிவு. எனக்கும் அதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

உள்ளே போனால் புகை!

கதவைத் திறந்ததும் நேர் எதிரே இன்னொரு கதவு தெரியும். இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு நடை. முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போய்விடலாம்.

அந்த நடையை ஒட்டி இருப்பதுதான் கூடம். அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் கூரையின் முகடு வரை எதுவுமே இல்லை. தரை நடுவில் நெருப்பு எரிகிறது! அடுப்பு மேடை, புகைபோக்கி ஒன்றும் கிடையாது. தரையிலேயே விறகை வைத்து மூட்டியிருக்கிறார்கள். புகை மெதுவாக மேலே போய், கூரைக்கு அடியில் மேகம் மாதிரி நிற்கும். கூரையின் இரண்டு முனைகளிலும் உச்சியில் சின்ன முக்கோணத் திறப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகவும் ஓடுகளின் இடுக்கு வழியாகவும் அது வெளியேறும்.

கண் எரியாதா என்று கேட்கிறீர்களா? நின்றால் கொஞ்சம் எரியும். தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் புகை தலைக்கு மேலேயே நின்றுவிடும். கூடம் அவ்வளவு உயரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தரையில் எரியும் நெருப்பின் பொறி கூரையைத் தொடக்கூடாதே!

மேலே, கூடத்தின் குறுக்கே ஒரு தடித்த உத்தரம். அதன் நடுவில் ஒரு குட்டித் தூண். அதன் உச்சியிலிருந்து நான்கு வளைந்த கைகள் கிளை மாதிரி பிரிகின்றன. இதைக் 'கிரீடத் தூண்' என்கிறார்கள். பார்க்க அலங்காரமாக இருந்தாலும் அதற்கு வேலை இருக்கிறது. சீட்டுக்கட்டு அட்டைகளை வரிசையாகக் கூடாரம் மாதிரி நிறுத்தி, ஒன்றைத் தட்டினால் என்ன ஆகும்? எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாயும். கைமர ஜோடிகளும் அப்படிச் சாய்ந்துவிடக்கூடும். அவற்றுக்கு அடியில் நெடுக ஓடும் ஒரு வளையைத் தாங்கிப் பிடித்து, அந்த ஆபத்தைத் தடுக்கிறது கிரீடத் தூண்.

ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடியே இல்லை! அந்தக் காலத்தில் கண்ணாடி அவ்வளவு விலை. நெட்டுக்குத்தாக மரக் கம்பிகள் மட்டும். வெளிச்சம் வேண்டும் என்றால் குளிரையும் சேர்த்து உள்ளே விட வேண்டும். குளிர் வேண்டாம் என்றால் உள்பக்கப் பலகைக் கதவை மூடிவிட்டு இருட்டில் உட்கார வேண்டும். 'விண்டோ' என்ற இங்கிலீஷ் வார்த்தையே 'காற்றின் கண்' என்ற பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் பழந்தமிழிலும் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எங்கோ இருக்கும் இரண்டு மொழிக்காரர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்!

கூடத்தின் ஒரு கோடி 'மேல் கோடி'. அங்கேதான் வீட்டு எஜமானரின் சாப்பாட்டு மேஜை, பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில். வேலைக்காரர்கள் நடைக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். யார் பெரியவர், யார் சின்னவர் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்காரும் இடமே சொல்லிவிடும்.

நடைக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்ன அறைகள். ஒன்றின் பெயர் 'பட்டரி'. வெண்ணெய் அறை என்று நினைத்துவிடாதீர்கள்! பீப்பாய்க்கு 'பட்' என்று ஒரு பெயர் உண்டு. பீப்பாய்களை அடுக்கி வைக்கும் அறை அது. மற்றொன்று 'பேன்ட்ரி'. லத்தீன் மொழியில் ரொட்டிக்கு 'பானிஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்த ரொட்டி அறை.

மறு கோடியில், எஜமானரின் மேஜைக்குப் பின்னால், குடும்பத்தாருக்கான தனி அறை. அதற்கு மேலே மாடியில் படுக்கை அறை. அந்தப் படுக்கை அறையில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. திறந்தால், சுவருக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும் ஒரு சிறு கூண்டு. உள்ளே ஒரு பலகை. பலகையில் ஒரு வட்டமான ஓட்டை. ஆமாம், கழிப்பறைதான்! கீழே நேராகத் தரைக் குழிக்குப் போய்விடும். சிரித்தது போதும். ராத்திரி குளிரில் மாடி இறங்கி வெளியே ஓட வேண்டியதில்லையே!

மரமே சொன்ன பிறந்த தேதி

இந்த வீட்டைக் கட்டியபோது யாரும் கல்வெட்டு வைக்கவில்லை. வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மரத்தைக் குறுக்கே வெட்டினால் வளையங்கள் தெரியும். வருடத்துக்கு ஒன்று. நல்ல மழை பெய்த வருடத்தில் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட வருடத்தில் ஒல்லியாக இருக்கும். அகலம், ஒல்லி, ஒல்லி, அகலம் என்று வரும் வரிசை, கடையில் பொருள்களின் மேல் இருக்கும் கோட்டுக் குறியீடு மாதிரி. அதே காலத்தில் அதே பகுதியில் வளர்ந்த ஓக் மரங்களில் எல்லாம் அதே வரிசை இருக்கும். பல நூற்றாண்டுகளின் வரிசையை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பேலீஃபின் மரத்திலிருந்து பென்சில் பருமனில் ஒரு துண்டை எடுத்து, அதோடு ஒப்பிட்டார்கள்.

விடை ஆச்சரியமாக இருந்தது. கூடமும் பட்டரி பக்கமும் 1405-க்கும் 1430-க்கும் நடுவில் கட்டப்பட்டவை. எஜமானர் படுக்கை அறை இருக்கும் கோடியோ 1505-க்கும் 1510-க்கும் நடுவில் கட்டப்பட்டது. நூறு ஆண்டு வித்தியாசம்! முன்பக்கம் நின்று பார்த்தால் ஒரே நாளில் கட்டிய வீடு போலத்தான் இருக்கிறது. பிறகு வந்த தச்சர் தன் கைவரிசையைக் காட்டாமல், பழையவரின் பாணியிலேயே முடித்திருக்கிறார்.

மற்ற துப்புகளும் உண்டு. கூரை மரங்களில் கரி படிந்து கறுத்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் திறந்த நெருப்பு எரிந்தது என்று அர்த்தம். உத்தரத்தின் அடியில் காலியான துளைகள் வரிசையாக இருந்தால், அங்கே ஒரு சுவரோ ஜன்னலோ இருந்திருக்கிறது. காணாமல் போன ஜன்னல் கம்பிகள் எத்தனை, எவ்வளவு தள்ளி நின்றன என்பதைக்கூட அந்தத் துளைகளை எண்ணிச் சொல்லிவிடலாம். துப்பறிவாளர் வேலைதான்!

இந்தக் காலித் துளைகளைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் பலர், 'எங்கள் வீட்டு உத்தரம் பழைய போர்க்கப்பலில் இருந்து வந்தது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் பெரும்பாலும் கட்டுக்கதை. கடலிலிருந்து வெகுதூரத்தில், காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் விவசாயி, கப்பல் மரத்துக்கு ஏன் அலைய வேண்டும்? காலித் துளைகள் பெரும்பாலும் வீட்டை மாற்றிக் கட்டியதாலோ, வேறொரு பழைய வீட்டின் மரத்தைத் திரும்பப் பயன்படுத்தியதாலோ வந்தவை.

இன்னொன்று. இங்கிலாந்து வீடு என்றதும் வெள்ளைச் சுவரும் கறுப்பு மரமுமாக வரைவோம். கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் பல வீடுகளுக்கு இந்தக் கறுப்புப் பூச்சு வந்தது 19-ம் நூற்றாண்டு நாகரிகத்தால். பூசாமல் விட்ட ஓக், வெயிலிலும் மழையிலும் வெள்ளி போன்ற சாம்பல் நிறமாகிவிடும். உங்கள் படத்தில் அந்த நிறத்தையே கொடுங்கள்.

புகைபோக்கியை எடுத்தது சரியா?

காலம் போகப் போக வீல்டன் வீடுகள் மாறின. புகையைத் தாங்கியது போதும் என்று, 16, 17-ம் நூற்றாண்டுகளில் பலர் செங்கல் புகைபோக்கி கட்டினார்கள். புகை போனதும் உயரமான கூடம் எதற்கு? நடுவில் பலகைத் தளம் போட்டு அங்கேயும் மாடி அறை அமைத்தார்கள். பேலீஃபுக்குள்ளும் புகைபோக்கி, தளம் எல்லாம் வந்தன. தண்ணீர் கம்பெனி கொடுத்தபோது அது இப்படித்தான் இருந்தது.

சிங்கிள்டனில் திரும்பக் கட்டியபோது அவற்றை விட்டுவிட்டார்கள். வீடு பழைய திறந்த கூடத்தோடு எழுந்தது. 1989-ல், 1540-ஆம் ஆண்டு வாக்கில், அதாவது எட்டாம் ஹென்றி மன்னராக இருந்த காலத்தில், ஒரு விவசாயக் குடும்பம் எப்படி வாழ்ந்திருக்குமோ அப்படி, மேஜை, கட்டில், பெட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் பழைய முறையிலேயே புதிதாகச் செய்து வைத்தார்கள். அதனால் குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் தோட்டமும் உண்டு. பட்டாணி, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் இருக்கும். உருளைக்கிழங்கு, தக்காளி கிடையாது. 1540-ல் இங்கிலாந்து விவசாயிக்கு அவை தெரியாது! வீட்டுக்குத் துணையாக நிற்கும் களஞ்சியம் கௌஃபோல்ட் என்ற ஊரிலிருந்து வந்தது. 1536-ல் கட்டியது.

புகைபோக்கியை எடுத்தது சரியா என்று கேட்டால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் புகைபோக்கியும் பழசுதான். அதற்குப் பக்கத்தில் குளிர் காய்ந்து பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. அவர்களின் கதை பாதி அழிந்துவிட்டது. ஆனால், அதை எடுத்திருக்காவிட்டால் திறந்த கூடத்தில் நின்று புகையை அண்ணாந்து பார்க்கும் அனுபவம் நமக்குக் கிடைத்திருக்காது. நீங்கள் அந்தக் குழுவில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அம்மா, அப்பாவோடு விவாதம் செய்து பாருங்கள்.

வீட்டை இடம் மாற்றுவதும் கடைசி வழிதான். அது பிறந்த இடத்தில் நிற்பதே நல்லது என்பது அருங்காட்சியகத்தாரின் கொள்கையும்கூட. இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரில், பேலீஃபைவிடப் பழைய வீல்டன் வீடு ஒன்று ஓலைக் கூரையோடு இருக்கிறது. பாதிரியார்கள் வசித்த வீடு. இடிந்து விழும் நிலையில் இருந்த அதை 1896-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு விலைக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே அதுதான். விலை எவ்வளவு தெரியுமா? வெறும் 10 பவுண்டு! பழுது பார்க்கத்தான் அதைவிடப் பல மடங்கு செலவானது. வீடு இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

பேலீஃபுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது 500 ஆண்டுகளுக்கு மேல் நின்ற பள்ளத்தாக்கில், இப்போது பவ் பீச் ஏரி நிறைந்து கிடக்கிறது. நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. சிங்கிள்டனில், கூடத்தின் தரையில் ஊழியர்கள் விறகை அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். கரி படிந்த அந்தப் பழைய கைமரங்களைத் தேடி, புகை மேலே போகிறது.